சிஞோராவின் ஆமாமும் இல்லையும்

லீவுக்கு நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வரும்போது, என்ன படிக்கிறாய் என்று எங்கள் பிளாக் குடியிருப்பில் யார் கேட்டாலும் முதல் இரண்டு வருடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தாலிய மொழியில் சில வினைச்சொற்கள் பக்கத்தில் நிற்கும் எச்சத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே வினை மாதிரி நடந்துகொள்கின்றன, சில வினைகள் ஒட்டுவதில்லை, அது ஏன் என்று ஆராய்கிறேன் என்பேன். கேட்டவர் முகத்தில் இரக்கம் வரும். மாடி வீட்டு மாமா ஒருமுறை, "இத்தாலிக்குப் போயிருக்கியாம்மா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். "அப்ப அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?" என்றார். மூன்றாம் வருடத்திலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் 'இங்கிலீஷ்' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். உதவித்தொகை நின்றதும் விடுதி அறையைக் காலி செய்துகொண்டு, இரண்டு அட்டைப்பெட்டிப் புத்தகங்களோடு நெய்வேலிக்குத் திரும்பினேன். பதிவு காலாவதியாவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அத்தனை வருடமும் வீணாய்ப் போகும். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. கன்வேயர் ஓட்டுவார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்புவார், நைட் ஷிஃப்ட் என்றால் பகல் முழுக்கத் தூங்குவார். அவர் தூங்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, நான் தட்டச்சு செய்யும் சத்தமும் கதவுக்கு வெளியே போகக்கூடாது. சின்ன குவார்ட்டர்ஸ் அது. சுற்று ஊரெல்லாம் கரண்ட் போகும், கரண்ட் எடுக்கிற டவுன்ஷிப் என்பதால் எங்களுக்குப் போகாது. அதனால் கரண்ட் இல்லை, எழுத முடியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த ஆராய்ச்சி என்ன என்பதை அம்மாவுக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். 'அதைப் படிக்க விரும்புகிறேன்' என்பதை இத்தாலியில் இரண்டு விதமாகச் சொல்லலாம். 'வோல்யோ லெஜ்ஜெர்லோ' என்றால் 'அதை' என்கிற குட்டிச் சொல் 'படிக்க'வின் வாலில் தொங்கும். 'லோ வோல்யோ லெஜ்ஜெரே' என்றால் அதே குட்டிச் சொல் 'படிக்க'வை விட்டுவிட்டு மேலே ஏறி, 'விரும்புகிறேன்'-க்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விரும்பு, முடி, வேண்டும், தொடங்கு, போ, வா மாதிரி வினைகளோடு இப்படி ஏறலாம். ஆனால் 'அதைப் படிப்பதை வெறுக்கிறேன்' என்று சொல்லவந்தால் ஏற முடியாது. அங்கே இரண்டு வினைக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. விரும்புகிற வினைக்கு அந்தச் சுவர் முதலில் இருந்து பிறகு இடிந்ததா, இல்லை ஆரம்பத்திலிருந்தே சுவர் எழுப்பவில்லையா என்பதுதான் எங்கள் துறையில் ரொம்ப வருடமாக நடக்கிற சண்டை.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "நாமளுந்தான் 'அதை நான் படிக்கணும்'னு சொல்றோம், 'நான் அதைப் படிக்கணும்'னும் சொல்றோம். இதுக்கெல்லாம் ஒருத்தரும் ஆராய்ச்சி பண்ணலையே."

"பண்றாங்கம்மா."

"அவங்களுக்கும் வீட்ல ஒக்கார வச்சு சோறு போட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு பீன்ஸை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

என் கஷ்டம் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. ஏறும் வினைகளைப் பற்றியும் ஏறாத வினைகளைப் பற்றியும் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நடுவில் ஓரமாகச் சில வினைகள் நிற்கின்றன. ஆசைப்படு, துணி, தோன்று, இதைவிட அது மேல் என்று நினை. இவற்றோடு அந்தக் குட்டிச் சொல் ஏறுமா என்று கேட்டால் ஒரு புத்தகம் ஏறும் என்கிறது, இன்னொன்று ஏறாது என்கிறது. எங்கள் துறையில் இதற்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்குத்தான் உண்டு. வாக்கியத்தைச் சொல்லி, இப்படிச் சொல்வீர்களா மாட்டீர்களா என்று அவரைக் கேட்க வேண்டும். காரணம் கேட்கக்கூடாது, ஆமாம் அல்லது இல்லை போதும். என் இத்தாலி முழுக்க மாலை வகுப்பில் கற்றது. என் காதுக்கு எல்லா வாக்கியமும் சரியாகவே இருந்தது.

நல்லவேளையாக எனக்கு ஓர் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே கன்னியாஸ்திரி மடத்துக்குப் போனவர். மடம் அவரை இத்தாலியின் வடக்கில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவைத்தது. பல வருடமாக அங்கேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு வீடியோ கால் வரும். அங்கே அப்போது மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருக்கும் நேரம். ஊரை விட்டுப் போனபோது எந்தத் தமிழைப் பேசினாரோ அதையே பேசிக்கொண்டிருந்தார். நெல்லிக்குப்பத்தில்கூட இப்போது பாதிப் பேர் அப்படிப் பேசுவதில்லை. அவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். "இங்க மூணாவது மாடியில ஒரு சிஞோரா இருக்காங்க. போஸ்டாபீஸ்ல வேலை பாத்தவங்க. புள்ளைங்க இல்ல. எப்பப் பாத்தாலும் யாரையாவது திட்டிகினே இருப்பாங்க. அவங்கள கேக்கட்டுமா?" என்றார். சிஞோரா என்றால் இத்தாலியில் அம்மணி. அந்த அம்மாவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. நான் வாக்கியங்களை அனுப்புவேன். அத்தை வாரம் முழுக்க வேலைக்கு நடுவே மூன்றாவது மாடிக்குப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதில் வரும். கணினியில் வாக்கியத்துக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். சிஞோராவின் முகத்தை நான் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. போனில் முகம் காட்டுவது அவருக்குப் பிடிக்காதாம், அதில் தெரிகிற கிழவியைத் தனக்குத் தெரியாது என்பாராம்.

ஆனால் அவர் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். வாக்கியம் பிடிக்கவில்லையென்றால் 'இல்லை' என்று மட்டும் சொல்ல மாட்டார், இதை எழுதினவள் வெட்கப்பட வேண்டும் என்பார். சிலவற்றுக்கு, "தெற்கத்திக்காரன் சொல்வான், நான் சொல்ல மாட்டேன்" என்பார். எங்கள் எடுத்துக்காட்டுகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். யாரோ ஒருவன் ஏதோ ஒரு புத்தகத்தைப் படிக்க விரும்புவான், படிக்க முடியும், படிக்க வேண்டியிருக்கும், படிக்கத் துணிவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சிஞோரா ஒரே கோவமா இருக்காங்க. ஆறு மாசமா இந்தாளு அந்தப் புஸ்தகத்தைப் படிக்கணும் படிக்கணும்னு சொல்லிகினு இருக்கானே, படிச்சுத் தொலைச்சானா இல்லையான்னு கேக்கறாங்க." அன்றைக்கு நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, என்ன சத்தம் என்று கேட்டார்.

எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் நெறியாளர் மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல் போடுவார். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் என்னைக் கல்யாணமாகாதவள் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் எழுதும் வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அதோடு சண்டை போடவும் செய்தவர் அந்த மூன்றாவது மாடிக்காரர் ஒருவர்தான்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட வாக்கியங்களையே கொஞ்ச காலம் விட்டு, வரிசையை மாற்றி, சொற்களையும் கொஞ்சம் மாற்றித் திரும்பக் கேட்போம். பதில் மாறாமல் வருகிறதா என்று பார்ப்பதற்காக. அப்படி இரண்டாம் சுற்று ஆரம்பித்தேன். பதில்கள் மாறி வந்தன. முதல் சுற்றில் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொன்ன வாக்கியங்களுக்கு இப்போது ஆமாம் வந்தது. 'ஆசைப்படு'வோடு அந்தக் குட்டிச் சொல் ஏறியது, 'தோன்று'வோடும் ஏறியது. திட்டுகளும் நின்றுபோயின. "சிஞோரா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், "படுத்துகினு இருக்காங்கம்மா. நல்லாத்தான் இருக்காங்க. நீ எழுதற வேலையப் பாரு" என்பார் அத்தை.

நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். பதில்கள் மாறியதை வைத்து ஒரு கருத்தே கட்டினேன். ஓரத்து வினைகளுக்கு நடுவில் நிற்கும் சுவர் மெல்லியது, ஒரு பேச்சாளர் அந்த வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அவர் மனத்தில் அந்தச் சுவர் தேய்கிறது, ஒரே மனிதருக்குள்ளேயே இலக்கணம் நெகிழ்வதற்கு இதோ சான்று என்று எழுதினேன். அத்தனை வருடத்தில் என் சொந்தக் கருத்து என்று சொல்ல எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான். நெறியாளர் அதைப் படித்துவிட்டு முதல்முறையாகப் போனிலேயே கூப்பிட்டார். ஆய்வேட்டின் உயிர் இந்த அத்தியாயம்தான் என்றார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கியது. அம்மா இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டாள், வேண்டும் என்றேன்.

பதிவு முடிய மூன்று மாதம்போல இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். மைன்ஸில் வெடி வைத்தார்கள், வழக்கம்போல ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடி நின்றது. நான் அம்மாவிடம் இன்னும் ஒரே ஒரு சுற்று கேட்டுவிட்டால் அத்தியாயம் கல் மாதிரி நின்றுவிடும், நாளைக்கு அத்தையிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை தடவைதான் அவங்களக் கேப்ப?"

"அவங்களுக்கு இதுல இஷ்டம்மா. திட்டறதுக்காகவே காத்துக்கிட்டிருப்பாங்க."

"போய்ச் சேந்தவங்கள நிம்மதியா விடேன்டி" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. குழாயை மூடிவிட்டு, திரும்பாமல் அப்படியே நின்றாள்.

சிஞோரா இறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அவர்கள் இருவரும் எங்கள் மாதா கோயிலில் சிஞோராவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசைக்குக் கொடுத்து, விடியற்காலையில் போய் உட்கார்ந்துவிட்டும் வந்திருக்கிறார்கள். சாமியார் அந்தப் பெயரை மைக்கில் தப்பும் தவறுமாக வாசித்தாராம். அன்றைக்குக் காலையில் ரேஷன் கடைக்குப் போகிறோம் என்று அவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் காதில் சாவுச் செய்தியைப் போட மாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்த டவுன்ஷிப்பில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியபோது பெரியப்பா இறந்தார். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், அடக்கமே முடிந்துபோன செய்தியை எனக்குச் சொன்னார்கள். அதுவரை வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரர்கள் எல்லோரும் என் எதிரில் சிரித்துப் பேசினார்கள். மாடி வீட்டுப் பையன் என்ட்ரன்ஸ் எழுதும்போதும் இதே கதைதான். பிள்ளை மனம் கலங்கக்கூடாது, மார்க் போய்விடும். ஆய்வேடும் அவர்களுக்கு ஒரு பரீட்சைதான், கொஞ்சம் நீளமான பரீட்சை. அது முடிகிறவரை எனக்குத் தெரிந்தவர் யாரும் சாகக்கூடாது, அவ்வளவுதான்.

அப்பா எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "நான்தான் பாப்பாகிட்ட, உனக்கு சொல்ல வேணாம்னேன். புக்கு முடியட்டும்னு பாத்தோம்" என்றார். அத்தையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"அப்ப ரெண்டாவது தடவை பதில் சொன்னது யாருப்பா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள்: "அந்தம்மாவுக்கு வாய் இழுத்துக்கிச்சாம். பேச்சு நின்னுபோச்சு. நீ கேட்டு அனுப்பிக்கிட்டே இருக்க. உன் அத்தை என்ன பண்ணுவா? அவளே சொல்லிட்டா. அவளுந்தான் அங்க இத்தனை வருஷமா அந்தப் பாஷை பேசறாளே."

"எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லியிருக்காங்க."

"பின்ன, உனக்கு இல்லைன்னா சொல்லுவா?"

கோபம் வந்தது. வாய் திறந்து கத்த வேண்டும்போலவும் இருந்தது. கத்துவதற்குத் தெம்பில்லை. எங்கள் துறையில் இல்லைக்குத்தான் மதிப்பு. ஒருவர் எதைச் சொல்ல மாட்டார் என்பதிலிருந்துதான் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அத்தைக்கு அது தெரியாது. அண்ணன் மகளின் விடைத்தாளைக் கையில் வாங்கினார், எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் அந்த டிக்குகளின் மேல் உட்கார்ந்து கருத்து கட்டியிருக்கிறேன். சிஞோராவின் மனத்தில் எந்தச் சுவரும் தேயவில்லை. அவர் இல்லை என்று சொன்னது கடைசி வரை இல்லையாகவே இருந்திருக்கும். அதைவிட, அவர் செத்துப்போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சிஞோரா எப்படி இருக்காங்க என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

இரண்டாம் சுற்று போனால் போகட்டும், முதல் சுற்றாவது மிஞ்சுமா என்று பார்த்தேன். அதிலும் மண் விழுந்தது. அதற்கு முன்னாலும், சிஞோரா கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால், அத்தை எப்போதாவது தானே பதில் சொல்லியிருப்பார் போல என்றாள் அம்மா. எவை எவை என்று கேட்டால் தனக்கு என்ன தெரியும் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளக் கேட்டுடாதடி. பொய் சொல்லிட்டேன், உன் படிப்பக் கெடுத்துட்டேன்னு நெனச்சு உருகிப் போயிடுவா. ஏற்கெனவே பிரஷர் இருக்கு. இதுக்காக வாராவாரம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நிப்பா."

நான் கேட்கவில்லை. அம்மாவுக்காகவா, அத்தைக்காகவா என்று இப்போது யோசித்தால், களைப்புதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. அந்தப் பேச்சை எடுத்தால் அத்தை அழுவார், நான் சமாதானம் சொல்ல வேண்டும், பிறகு அப்பாவும் அழுவார். அதற்கெல்லாம் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. நெறியாளரிடம் மட்டும் சொன்னேன். மிளகாய்ப் பொடியில் செங்கல் பொடி கலந்துவிட்டால் உட்கார்ந்து பொறுக்க முடியாது, டப்பாவோடு கொட்டிவிடு என்றார் அவர். கொட்டிவிட்டேன்.

ஓர் அத்தியாயத்தை எடுப்பது கதவைக் கழற்றுவது மாதிரி இல்லை. முன்னுரையில் அதைப் பற்றி வாக்குக் கொடுத்திருப்போம், முடிவுரையில் அதற்காகப் பெருமைப்பட்டிருப்போம், நடுவில் எங்கே பார்த்தாலும் 'நான்காம் இயலில் காண்க' என்று இருக்கும். எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தேன். மிச்சம் இருந்தது, எல்லோரும் ஏற்கெனவே சொன்னதை நான் ஒழுங்காகத் திருப்பிச் சொன்ன ஒரு மெல்லிய புத்தகம். அதைப் பதிவு முடிவதற்குள் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டார். சுற்றிவளைத்துப் பேசினார். "ஒன்னு சொல்லணும்மா. மனச தேத்திக்க. சிஞோரா போயிட்டாங்க" என்றார். பரீட்சை முடிந்துவிட்டது, செருப்பைக் கழற்றியாகிவிட்டது, எனக்கு இப்போது சொல்லலாம். அம்மா சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறை கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமே என்று பயந்தேன். அந்தக் கஷ்டமே ஏற்படவில்லை, நிஜமாகவே அழுதேன். எப்போது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தான் சொன்ன பதில்களைப் பற்றியும் அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க சொன்னதெல்லாம் புக்குல வந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்துச்சு அத்தை" என்றேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், ஓரத்து வினைகளை ஏன் தொடவே இல்லை என்று கேட்டார். நம்பகமான தரவு கிடைக்கவில்லை என்றேன். பட்டம் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் கான்ட்ராக்ட்டில் இங்கிலீஷ் எடுக்கப் போனேன். பிளாக்கில் சொல்லிக்கொண்டிருந்த பொய் ஒருவழியாக உண்மையாயிற்று.

மறுவருடம் அத்தைக்கு ஊருக்கு வர லீவு கிடைத்தது. அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று வந்தார். அவர் வருகிறார் என்றதும் எனக்கு அந்த 'வந்துச்சு அத்தை'தான் மனத்தில் இடித்தது. புத்தகத்தைக் காட்டு என்பார். கழித்துப்போட்ட நான்காம் அத்தியாயம் கணினியில் கிடந்தது. அதைப் பழைய இடத்தில் சேர்த்து, மெயின் பஜாரில் ஒரு பிரதி அச்செடுத்து, பைண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர், "ஏற்கெனவே போட்ட புக்கு தானே மேடம்?" என்றார். இது வேறங்க என்றேன். அட்டையில் அதே தங்க எழுத்து.

அத்தை வந்து இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை அவர் கையில் கொடுத்தேன். முதலில் முத்தமிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போனார். அங்கேதான் அவர் சிஞோராவுக்குப் படித்துக் காட்டிய வாக்கியங்கள் இருந்தன. அவருக்குப் பழக்கமான பகுதி அது ஒன்றுதான். வாக்கியத்துக்குப் பக்கத்தில் நான் போட்டிருந்த குறிகளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். முதலில் நடுநடுவே சிரித்தார், எங்கே திட்டு விழுந்தது என்று ஞாபகம் வந்திருக்கும். பக்கம் திருப்பியதும் சிரிப்பு நின்றது. விரல் ஒரே இடத்தில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இத எடுத்துடும்மா" என்றார் அத்தை.

"எதை?"

"இது அவங்க சொன்னதில்ல. நான் சொன்னது. இந்தப் பக்கம் பூரா நான் சொன்னது. அவங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சு, நீ பாவம் எழுதிகினு இருக்கியேன்னு சொல்லிட்டேன். இப்படி அச்சுல அவங்க பேருல வரும்னு எனக்குத் தோணல. செத்தவங்க வாயில நான் பேசக்கூடாது. எடுத்துடும்மா."

முகம் வெளிறியிருந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், அவர் வாங்கவில்லை. இதற்கு மேல் மறைக்க எனக்கும் மனமில்லை.

"எடுத்தாச்சு அத்தை. யூனிவர்சிடில குடுத்த புக்குல இது இல்ல. இது உங்களுக்காக மட்டும் போட்டது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்மா என்னக் கேக்கல?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..." என்று இழுத்தேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

அத்தை பக்கத்தைப் பின்னால் திருப்பினார். முதல் சுற்று. விரலை மறுபடி வைத்தார். "இதெல்லாம் அவங்க சொன்னதுதான். இது ஒன்னு, அப்புறம் இது ஒன்னு, இந்த ரெண்டு மட்டும் நான் சொன்னேன். அவங்களுக்கு ஜுரம் அன்னைக்கு. மத்ததெல்லாம் ஒவ்வொன்னுக்கும் அவங்க எழுந்து ஒக்காந்து யோசிச்சுச் சொன்னது. சும்மா சொல்லல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவங்க சொன்னதையுமா எடுத்துட்ட?"

ஆமாம் அத்தை, அதையும்தான் என்றேன்.